மேக்கில் சரிசெய்த 140 படங்களில் 31 மட்டும் இருட்டாக அச்சாகின்றன

வெண்பலகை
செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கோயிலுக்கு அடுத்த மாதம் குடமுழுக்கு. விழா மலர் வடிவமைக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் பள்ளி ஆசிரியை. பள்ளி ஆண்டு மலர் நான்கு முறை செய்திருக்கிறேன் என்பதுதான் என் தகுதி.

மொத்தம் 96 பக்கம், 140 படங்கள். விண்டோஸ் கணினியில் இன்டிசைனில் பக்கம் கட்டினேன். படங்கள் அனைத்தும் டிஃப் கோப்புகள். பக்கத்துக்குள் பதிக்காமல், தனிக் கோப்புறையில் வைத்து இணைப்பாகக் கொடுத்திருக்கிறேன். பாதிப் படங்கள் பழைய அச்சுப் படங்களை ஸ்கேன் செய்தவை, மீதி கேமராவில் எடுத்தவை. எல்லாமே கொஞ்சம் இருட்டு. கருவறை விளக்கில் எடுத்தால் வேறெப்படி இருக்கும்?

சென்னையில் என் சித்தப்பா மகன் ஆப்பிளின் பழைய மேக் கணினி ஒன்று வைத்திருக்கிறான். 140 படங்களையும் அவனுக்கு அனுப்பினேன். வெளிச்சம் கூட்டி, அதே பெயரில், அதே டிஃப்பாகச் சேமித்து, இணையச் சேமிப்பகத்தில் ஏற்றி அனுப்பினான். இறக்கி, படக் கோப்புறையில் போட்டேன். "ஏற்கெனவே உள்ளவற்றுக்குப் பதிலாக வைக்கவா?" என்று விண்டோஸ் கேட்டது, ஆம் என்றேன். பக்கங்களில் இணைப்புகளைப் புதுப்பித்து, பி.டி.எஃப். ஆக்கி, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

இன்று மெய்ப்பு வந்தது. 109 படங்கள் பளிச்சென்று இருக்கின்றன. 31 படங்கள் பழையபடி இருட்டு. என் திரையிலும் அவை மங்கலாகத்தான் தெரிந்தன. திரை பழசு என்று நினைத்து விட்டுவிட்டேன், என் தவறுதான். அச்சகத்தில் கேட்டால் "மேக் படமா? அப்படித்தான் வரும்" என்கிறார்கள். தம்பியைக் கேட்டால் "இங்கே வெளிச்சமாக இருக்கிறது, உங்கள் விண்டோஸைக் கேளுங்கள்" என்கிறான்.

எனக்குப் புரியாதது இதுதான். "தேர்" என்ற படம் நன்றாக வந்திருக்கிறது. "தேரோட்டம்" இருட்டு. இரண்டும் ஒரே கேமராவில், ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்தவை. வெள்ளிக்கிழமைக்குள் அச்சேற வேண்டும். உதவுங்கள்.

நேர்வழி
செவ்வாய், இரவு 9.58

இணைப்பே வைக்காதீர்கள். படங்களைப் பக்கத்துக்குள் பதித்துவிட்டு பி.டி.எஃப். எடுங்கள். இருட்டாக இருக்கும் 31 படங்களை மட்டும் நீங்களே இன்னொரு முறை வெளிச்சம் கூட்டிவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. காரணம் தேடி உட்கார்ந்தால் குடமுழுக்கு முடிந்துவிடும்.

வண்ணக்கோல்
செவ்வாய், இரவு 10.25

இது காமா சிக்கல், அதாவது இடைச்சாயல்களைத் திரை எவ்வளவு வெளிச்சமாகக் காட்டுவது என்ற எண்ணில் வரும் சிக்கல். நூறு முறை பார்த்திருக்கிறேன்.

பழைய மேக்கின் இயல்பான காமா 1.8. விண்டோஸ் 2.2. முதல் திரையில் பார்த்து "போதும்" என்று நிறுத்திய வெளிச்சம், இரண்டாவது திரையில் இடைச்சாயல்கள் அமுங்கி இருட்டாகத் தெரியும். கறுப்பும் வெள்ளையும் அப்படியே இருக்கும், முகமும் புடவையும்தான் கறுக்கும். அந்தக் காலத்து லேசர்ரைட்டர் அச்சுப்பொறியில் மை பரவும் அளவோடு திரை ஒத்துப்போக வேண்டும் என்று வைத்த எண் 1.8. அச்சுப்பொறி போய்விட்டது, எண் பல ஆண்டுகள் தங்கிவிட்டது.

அதுவும் இல்லையென்றால் வண்ணச் சுயவிவரம், அதாவது படத்தின் வண்ண எண்களை எப்படிப் படிப்பது என்று கோப்போடு சேர்ந்து வரும் குறிப்பு. கேமராவில் அடோபி ஆர்.ஜி.பி. தேர்ந்தெடுத்து எடுத்த படத்திலிருந்து சுயவிவரம் கழன்றுவிட்டால், வாங்கும் கணினி அதை எஸ்.ஆர்.ஜி.பி. என்று எடுத்துக்கொள்ளும். எஸ்.ஆர்.ஜி.பி. என்பது 1996-இல் மைக்ரோசாஃப்டும் எச்.பி.யும் சாதாரணத் திரைகளுக்காக வகுத்தது. அடோபியுடையது 1998, அதைவிட அகலமான வண்ண வெளி. ஒன்றின் எண்களை மற்றொன்றின் அளவுகோலில் படித்தால் குங்குமம் செங்கல் நிறமாகும்.

31 படங்களிலும் சுயவிவரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றுதான் வரும்.

ஆப்பிள்தோட்டம்
செவ்வாய், இரவு 10.41

மேக்கைத் திட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்தால் போதும், 1.8-ஐக் கொண்டுவந்துவிடுவார்கள். 2009-இல் வெளிவந்த 10.6 பதிப்பான ஸ்னோ லெப்பர்டிலேயே இயல்பு காமா 2.2 ஆகிவிட்டது. அதைவிடப் பழைய இயங்குதளத்தை வைத்துக்கொண்டு இன்றைய இணையச் சேமிப்பகத்தில் யாரும் நுழையக்கூட முடியாது.

அதோடு, காமா என்றால் 140 படமும் இருட்ட வேண்டும். 109 படத்துக்கு மட்டும் சலுகை ஏன்?

வண்ணக்கோல்
செவ்வாய், இரவு 10.44

அதனால்தான் சுயவிவரத்தையும் சொன்னேன். முழுதாகப் படிக்கவும்.

அச்சுமை
புதன், காலை 6.15

அம்மா, நான் 1994-இல் அச்சகத் தொழிலுக்கு வந்தவன். மேக்குக்கும் விண்டோஸுக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவன். உங்கள் சிக்கல் எனக்குப் புதிது. ஆனால் எதுவாக இருக்காது என்று சொல்ல முடியும்.

முதலில் பைட் வரிசை. டிஃப் கோப்பின் முதல் இரண்டு எழுத்துகள் "ஐ.ஐ." என்றோ "எம்.எம்." என்றோ இருக்கும். இன்டெல் முறை, மோட்டரோலா முறை. எண்ணின் சிறிய பாதியை முதலில் எழுதுவதா, பெரிய பாதியை முதலில் எழுதுவதா என்ற வேறுபாடு. அடுத்து 42 என்ற எண் வரும். அது 42-ஆகப் படிக்கப்பட்டால் வரிசை சரி என்று பொருள். 1992-இல் வந்த ஆறாவது பதிப்பின் விவரக்குறிப்பு, அந்த 42-ஐ "தன்னிச்சையானது, ஆனால் கவனமாகத் தேர்ந்தது" என்கிற பொருளில் சொல்கிறது. அச்சுத் தொழிலில் பாதி முடிவுகள் அப்படி எடுத்தவைதான். ஒரு காலத்தில் சில மென்பொருள்கள் ஒரு முறையை மட்டும் படிக்கும், மற்றது வந்தால் திறக்கவே திறக்காது. இப்போது எல்லாமே இரண்டையும் படிக்கின்றன. இது இல்லை.

அடுத்தது இ.பி.எஸ். என்ற பழைய அச்சுப் பட வடிவம். மேக்கில் ஒரு கோப்பு என்பது அப்போது உண்மையில் இரண்டு: தரவுக் கிளை, வளக் கிளை. படத்தின் முன்தோற்றம் வளக் கிளையில் இருக்கும். விண்டோஸ் வட்டில் போட்டதும் அந்தக் கிளை உதிர்ந்துவிடும். பக்கத்தில் படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம்தான் தெரியும், ஆனால் அச்சில் படம் சரியாக வரும். ஒரு கல்யாண அழைப்பிதழில் அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பயந்துபோய், பெண் வீட்டார் முன்னிலையில் பிள்ளையார் படத்தைக் கையால் வரையப் போனவர் ஒருவரை எனக்குத் தெரியும். உங்களுடையது டிஃப். இதுவும் இல்லை.

மூன்றாவது, சி.எம்.ஒய்.கே. ஜேபெக், அதாவது அச்சு மைகளின் நான்கு நிறங்களில் சேமித்த ஜேபெக் படம். ஃபோட்டோஷாப் அதில் மதிப்புகளைத் தலைகீழாக எழுதும். அதை அறியாத மென்பொருளில் திறந்தால் படம் ஃபிலிம் நெகட்டிவ் போலத் தெரியும். இருட்டு வேறு, நெகட்டிவ் வேறு.

நான்காவது, வழியில் கெட்டுப்போவது. எஃப்.டி.பி. என்ற கோப்பு அனுப்பும் முறையில் கோப்பை உரை என்று தவறாகக் குறித்து அனுப்பினால், வரி முடிவுக் குறிகளை மாற்றுகிறேன் என்று படத்தின் நடுவே கை வைத்துவிடும். 1996-இல் பி.என்.ஜி. பட வடிவத்தை வகுத்தவர்கள் இதற்கென்றே முதல் எட்டு பைட்டுகளை அமைத்தார்கள். அதற்குள் இரண்டு வகை வரி முடிவுகளும் இருக்கும். யாராவது மாற்றியிருந்தால் தலைப்பிலேயே பிடிபட்டுவிடும். டிஃப்புக்கு அந்தக் காவல் இல்லை. ஆனால் அப்படிக் கெட்ட படம் கோடு கோடாகக் கிழியும், அல்லது திறக்காது. கெட்ட கோப்பு இப்படி மரியாதையாக இருட்டாது.

ஆகவே உங்கள் 31 படங்களும் நல்ல கோப்புகள். அதில் சந்தேகம் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி: கோப்புறையிலிருந்து நேராகத் திறந்தாலும் இருட்டாகத்தான் இருக்கிறதா?

வெண்பலகை
புதன், காலை 7.05

ஐயா, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன். இப்போது சோதித்ததில் குழப்பம் கூடிவிட்டது.

கோப்புறையில் "கோபுரம்" கோப்பைத் திறந்தேன். வெளிச்சமாக இருக்கிறது! கலசத்தில் தங்கம் மின்னுகிறது. தேதியும் தம்பி அனுப்பிய நாள்தான். அதே கோபுரம் 7-ஆம் பக்கத்தில் இருட்டு. "சோமாஸ்கந்தர்" படமும் இதே கதை.

சுயவிவரம் பார்த்தேன். கோப்புறையில் திறந்து பார்த்த எல்லாவற்றிலும் எஸ்.ஆர்.ஜி.பி. இருக்கிறது. இன்டிசைனில் எந்த இணைப்பிலும் மஞ்சள் எச்சரிக்கைக் குறி இல்லை, எல்லாம் புதுப்பித்த நிலையில் இருப்பதாகவே காட்டுகிறது.

நேர்வழி அவர்களுக்கு: 31 படத்தையும் நானே வெளிச்சமாக்கலாம். ஆனால் எந்தப் படத்தை? திறந்தால் அவை ஏற்கெனவே வெளிச்சமாக இருக்கின்றனவே!

வண்ணக்கோல்
புதன், காலை 7.30

அப்படியென்றால் இன்டிசைனின் வண்ண மேலாண்மை. படத்துக்குப் படம் தனியாகச் சுயவிவரம் ஒதுக்க முடியும். பக்கம் கட்டும்போது தெரியாமல் 31 படங்களுக்கு வேறொன்றைக் கொடுத்திருப்பீர்கள்.

அச்சுமை
புதன், காலை 7.52

தெரியாமல் ஒரு படத்துக்குக் கொடுக்கலாம். தெரியாமல் 31 படத்துக்குக் கொடுக்க அசாத்தியப் பொறுமை வேண்டும்.

எழுத்தெண்
புதன், காலை 8.20

சகோதரி, படத்தை விட்டுவிடுங்கள். இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் வேண்டும்.

ஒன்று, படக் கோப்புறையில் இப்போது மொத்தம் எத்தனை கோப்புகள் இருக்கின்றன? எண்ண வேண்டாம், சாளரத்தின் கீழ் ஓரத்தில் விண்டோஸே காட்டும்.

இரண்டு, இருட்டுப் படங்களின் பெயர்களை இங்கே எழுதுங்கள். நன்றாக வந்தவற்றிலும் பத்துப் பெயர் சொல்லுங்கள். நீங்கள் வைத்த எழுத்திலேயே, மாற்றாமல்.

வெண்பலகை
புதன், மாலை 5.10

எண்ணிக்கையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். 171!

140 தானே இருக்க வேண்டும்? தேதி வாரியாக அடுக்கி வைப்பது என் வழக்கம். அதனால் மேலே புதியவற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அடிமட்டம் வரை உருட்டிப் பார்த்தால், பழைய தேதியிட்ட 31 கோப்புகள் கிடக்கின்றன. பெயர் வாரியாக மாற்றி அடுக்கினால், ஒரே கோப்புறையில் "கோபுரம்" இரண்டு இருக்கின்றன. "கொடிமரம்" இரண்டு. ஒரே பெயரில் இரண்டு கோப்புகளை விண்டோஸ் அனுமதிக்காது என்றுதானே படித்திருக்கிறோம்? எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், இடைவெளிகூடக் கூடுதலாக இல்லை.

இப்போது நினைவுக்கு வருகிறது. பதிலாக வைக்கவா என்று கேட்டபோது "109 கோப்புகள்" என்றுதான் விண்டோஸ் சொன்னது. நான் எண்ணைப் படிக்காமல் அழுத்திவிட்டேன்.

இருட்டுப் பட்டியலிலிருந்து: கோபுரம், கொடிமரம், கொடியேற்றம், தேரோட்டம், சோமாஸ்கந்தர், தோரணவாயில், பௌர்ணமி பூசை, பொற்றாலி, கோசாலை, யாகசாலை தொடக்கம், திருப்பணிக்குழுவினரோடு ஆட்சியர்.

நல்ல பட்டியலிலிருந்து: தேர், நந்தி, தெப்பக்குளம், விமானம், யானை, ஓதுவார், மடைப்பள்ளி, திருக்கல்யாணம், பிரகாரம், துவாரபாலகர்.

ஆப்பிள்தோட்டம்
புதன், மாலை 5.26

கூடுதல் கோப்பு என்றால் தெரிந்த கதைதான். விண்டோஸ் வகை வட்டில் எழுதும்போது, புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்டு, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு துணைக்கோப்பை மேக் போடும். சில கிலோபைட்தான் இருக்கும், படமாகத் திறக்காது. அழித்துவிடுங்கள்.

அச்சுமை
புதன், மாலை 5.33

தம்பி, அவசரம் வேண்டாம், யாரும் எதையும் அழிக்க வேண்டாம். துணைக்கோப்பு என்றால் 140-க்கும் 140 வந்து 280 ஆகியிருக்கும். அதன் பெயரும் புள்ளியில் தொடங்கும். அவர் சொல்வது முழுப் படம், முழுப் பெயர்.

பட்டியலை மறுபடி பாருங்கள். எனக்கு ஏதோ தென்படுகிறது, ஆனால் அதற்குப் பெயர் தெரியவில்லை. எல்லாம் கொம்பு வைத்த எழுத்தாக இருக்கின்றன.

எழுத்தெண்
புதன், இரவு 7.15

ஐயா பாதி வழி வந்துவிட்டார். கொம்பு மட்டும் என்றால் தேர், தெப்பக்குளம் இரண்டும் இருட்டியிருக்க வேண்டும். கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகள்தான் மாட்டியிருக்கின்றன. கொ, கோ, தோ, சோ, பொ, ரோ. அவற்றோடு பௌ.

"கோ" என்பதை, கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க என்ற எழுத்தோடு ோ என்ற ஒரே குறியீட்டெண்ணைச் சேர்ப்பது ஒரு முறை. க, அதன்பின் இரட்டைக்கொம்பு, அதன்பின் துணைக்கால் என்று இரண்டு குறியீட்டெண்களாகப் பிரித்து எழுதுவது இன்னொரு முறை. இரண்டும் பொருளில் ஒன்றே என்று யூனிகோடு தரப்பாடு தெளிவாகச் சொல்கிறது. எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரிதான் வரைகிறது. கண்ணால் யாராலும் பிரித்தறிய முடியாது.

பழைய மேக்குகளில் வட்டு அமைப்பின், அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையின், பெயர் எச்.எஃப்.எஸ். பிளஸ். 1998-இல் மேக் இயங்குதளம் 8.1-உடன் வந்தது. ஒரே பெயர் இரண்டு விதமாக நுழைந்து குழப்பக்கூடாது என்று, வரும் பெயர்களை எல்லாம் பிரித்த வடிவத்துக்கு மாற்றித்தான் அது எழுதும். மேக்குக்குள் இருக்கும் வரை இது நல்ல ஏற்பாடு. விண்டோஸின் வட்டு அமைப்பான என்.டி.எஃப்.எஸ். இந்த விஷயத்தில் தலையிடுவதே இல்லை. கொடுத்த எண்களை அப்படியே வைத்துக்கொள்ளும். எண்கள் வேறு என்றால் பெயர் வேறு, அவ்வளவுதான் அதன் கணக்கு.

நீங்கள் "கோபுரம்" என்று சேர்த்து எழுதி அனுப்பினீர்கள். சென்னை மேக் அதைப் பிரித்து வைத்தது. இணையச் சேமிப்பகம் பிரித்தபடியே திருப்பித் தந்தது. விண்டோஸ் இதைப் புதுப் பெயர் என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார வைத்தது. 109 படங்களுக்குப் பிரிக்க ஒன்றும் இல்லை, அவை ஒழுங்காகப் பழையவற்றின் இடத்தில் அமர்ந்தன. உங்கள் இன்டிசைன் பக்கம் சேர்த்தெழுதிய பழைய கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கோப்பு மாறவே இல்லை, பிறகு எச்சரிக்கைக் குறி எதற்கு வரும்?

நம்பிக்கை வர ஒரு சோதனை. இரண்டு கோபுரங்களில் ஒன்றைத் தேர்ந்து எஃப்2 அழுத்துங்கள். "கோ"வுக்கும் "பு"வுக்கும் நடுவே சுட்டியை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே முறை அழுத்துங்கள். என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு எஸ்கேப் அழுத்திவிடுங்கள், பெயர் மாறாது. பிறகு மற்றதிலும் செய்யுங்கள்.

வெண்பலகை
புதன், இரவு 7.48

செய்தேன். பழைய கோப்பில் ோ முழுதாகப் போய் "கபுரம்" ஆனது. புதியதில் கால் மட்டும் போய் "கேபுரம்" ஆனது!

மூன்று முறை செய்து பார்த்தேன். என் கணவரைக் கூப்பிட்டும் காட்டினேன். அவர் "சரி, தோசை ஆறுகிறது" என்றார்.

ஒன்று சொல்லட்டுமா? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லித் தருகிறேன். "கோ எப்படி எழுதுவது? இரட்டைக்கொம்பு போடு, க போடு, துணைக்கால் போடு." தம்பியின் மேக்கும் என் வகுப்பில் படித்ததுபோலத்தான் எழுதியிருக்கிறது.

வண்ணக்கோல்
புதன், இரவு 8.02

ஒப்புக்கொள்கிறேன், காமா இல்லை. ஆனால் அச்சுக்குப் போகும் முன் சுயவிவரத்தைச் சரிபார்ப்பது எப்போதும் நல்லதுதான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஆப்பிள்தோட்டம்
புதன், இரவு 8.09

நானும் பதிவு செய்கிறேன். 2017-இல் வந்த 10.13 பதிப்பிலிருந்து மேக்கின் வட்டு அமைப்பு ஏ.பி.எஃப்.எஸ். அது கொடுத்த பெயரைக் கொடுத்தபடியே வைக்கும், தேடும்போது இரண்டு வடிவங்களையும் ஒன்றாகவே கருதும். பழைய மேக்கை, பழைய வெளிவட்டை வைத்துக்கொண்டிருந்தால் பழைய பழக்கமும் கூடவே வரும்.

எழுத்தெண்
புதன், இரவு 8.30

ஏ.பி.எஃப்.எஸ். பற்றிச் சொன்னது சரி. ஆனால் பழைய வட்டிலிருந்து பிரிந்த பெயரோடு வந்த கோப்பை அதுவும் பிரிந்தபடியே வைக்கும். ஆக, புது மேக் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று இருந்துவிட முடியாது.

கொரியர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. மேக்கிலிருந்து வரும் கோப்பின் பெயர் விண்டோஸில் உயிர் வேறு மெய் வேறாகச் சிதறிக் கிடக்கும். அசிங்கமாகத் தெரிவதால் அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நம் எழுத்துருக்கள் பிரிந்ததையும் அழகாகச் சேர்த்துக் காட்டிவிடுகின்றன. நம் சிக்கல் அதனால்தான் வெளியே தெரிவதில்லை.

சகோதரி, சரிசெய்யும் வழி இதோ. தேதி வாரியாக அடுக்கினால் பழைய 31-உம் அடியில் சேர்ந்து நிற்கின்றன என்றீர்களே, அதுவே நமக்கு வசதி. அவற்றை மொத்தமாகத் தேர்ந்து "பழையவை" என்று வேறு கோப்புறைக்கு நகர்த்துங்கள், அழிக்காதீர்கள். பிறகு அங்கே ஒரு கோப்பில் எஃப்2 அழுத்தி, பெயரை நகலெடுத்து, இங்கே அதன் இணைக்கோப்பில் எஃப்2 அழுத்தி ஒட்டுங்கள். 31 முறை. பவர்ஷெல்லில் ஒரு சிறு நிரல் எழுதினால் நொடியில் முடியும், ஆனால் அச்சுக்கு இரண்டு நாள் இருக்கும்போது புதிதாக நிரல் பழக வேண்டாம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு கான்வ்எம்வி என்ற கருவி இருக்கிறது, அது ஒரே கட்டளையில் பெயர்களைச் சேர்த்த வடிவத்துக்கு மாற்றிவிடும்.

பெயர் மாற்றி முடித்ததும் இன்டிசைனில் 31 இணைப்புகளுக்கு மஞ்சள் குறி வர வேண்டும். வந்தால் புதுப்பித்துவிடுங்கள்.

நேர்வழி
புதன், இரவு 8.41

கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்ததால் வந்த வினை. எண் போட்டுப் பெயர் வைத்திருந்தால் இந்த இழையே இல்லை.

எழுத்தெண்
புதன், இரவு 8.55

பிரெஞ்சுக்காரரின் தலைக்கீற்று எழுத்தும் இதே வட்டில் பிரிந்துதான் போகிறது. அவர்கள் தம் மொழியில் பெயர் வைப்பதை நிறுத்தவில்லை. 140 படத்துக்கு எண் மட்டும் போட்டுவிட்டு, 87 கொடிமரமா கோசாலையா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பவர் யார்? எண்ணும் பெயரும் சேர்த்து வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெயரை எடுத்துவிடச் சொல்வதில்தான் இருக்கிறது.

அச்சுமை
புதன், இரவு 9.04

இதில் நான் நேர்வழி பக்கம். தத்துவத்துக்காக இல்லை. எங்கள் கடையில் படத் தகடு எடுக்கும் கருவியோடு வந்த மென்பொருள் தமிழ்ப் பெயரைக் கண்டால் வரிசையாகக் கேள்விக்குறி போடுகிறது. உங்கள் வீட்டில் தமிழில் வையுங்கள், அச்சகத்துக்குப் பக்க எண் போட்டு அனுப்புங்கள். பக்கம் 7, படம் 2 என்று இருந்தால் இரவுப் பணியில் இருக்கும் பையன் உங்களைத் தூக்கத்தில் எழுப்ப மாட்டான்.

வெண்பலகை
புதன், இரவு 10.50

31 முறையும் ஒட்டி முடித்தேன். 31 மஞ்சள் குறிகள் வந்தன. இவ்வளவு மகிழ்ச்சியாக எச்சரிக்கையை நான் பார்த்ததே இல்லை. புதுப்பித்ததும் கோபுரம் பளிச்சிட்டது. அச்சகத்துக்கு மறுபடி பி.டி.எஃப். அனுப்பிவிட்டேன்.

ஒரு சின்னச் சந்தேகம் மட்டும் மீதி. 31-இல் 30 பெயர்களில் நீங்கள் சொன்ன எழுத்துகள் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் இல்லை. "ஔவையார் முன்புறம்". இதில் கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்தே இல்லை. "ஓதுவார்" தப்பித்திருக்கிறாரே, ஔவையார் எப்படி மாட்டினார்? வேடிக்கை என்னவென்றால், அதே சிலையின் பக்கவாட்டுப் படம் நன்றாக வந்திருக்கிறது.

எழுத்தெண்
புதன், இரவு 11.12

ஓ என்ற உயிரெழுத்தை யூனிகோடு பிரிப்பதில்லை, அது தனி எழுத்து. ஔ-வைப் பிரிக்கும். ஒ, அதன்பின் ள போலத் தோன்றும் ஒரு குறி. பௌர்ணமியில் பின்னால் நிற்பதும் அதே குறிதான். அந்தக் குறி மெய்யெழுத்து ள-வைப் போலவே தெரியும், ஆனால் அதன் குறியீட்டெண் வேறு. ஆகவே ஔவையார் மாட்டியது முறைதான்.

எனக்குப் புரியாதது பக்கவாட்டுப் படம் தப்பித்தது. அதன் பெயரை இங்கே நகலெடுத்து ஒட்டுங்கள்.

வெண்பலகை
புதன், இரவு 11.20

ஒளவையார் பக்கவாட்டில்

எழுத்தெண்
புதன், இரவு 11.24

பிடித்துவிட்டேன். இது ஔ இல்லை. ஒ எழுதி, பக்கத்தில் சாதாரண ள எழுதியிருக்கிறார்கள். இரண்டு தனி எழுத்துகள், மேக்குக்குப் பிரிக்க ஒன்றுமில்லை. அதனால் ஒழுங்காகப் பழையதன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. இதைத் தட்டச்சு செய்தது யார்?

வெண்பலகை
புதன், இரவு 11.31

கோயில் எழுத்தரின் மகன். என் பழைய மாணவன். ஐந்தாம் வகுப்பில் இதே "ஒளவை"க்காக அவனுக்கு அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.